"கலர்தானே" என்று இனி யாரும் எங்களிடம் சொல்லாதீர்கள்

"இரும்புச்சத்து உடம்புக்கு நல்லதுதானே?"

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு அதிகம். வீட்டுக்கு வருகிற பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். குளியலறைத் தரை காவியேறிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, வாளியின் உட்புறம் பிடித்திருக்கும் பழுப்பைப் பார்த்துவிட்டு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கணக்காகவே சொல்லிவிடுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. லிட்டருக்கு 3 மில்லிகிராம் இரும்புள்ள கிணற்றுத் தண்ணீரில் அந்த அளவு கிடைக்க 20 லிட்டர் குடிக்க வேண்டும். ஒரு கேன் முழுக்க! அதுவும் வாயில் வைத்தால் ஆணியை நக்கியது போல இருக்கும் தண்ணீரை. ஆனால் துணியைக் கெடுக்க லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே போதும். உடம்புக்குச் சத்தாகாத அளவு, துணிக்கும் பாத்திரத்துக்கும் தாராளமாகப் போதும்.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம். பழைய கிணறு, மேல் ஊற்று வற்றியதும் கிணற்றுக்குள்ளேயே போர் இறக்கினோம். அதிலிருந்துதான் இந்தத் தொல்லை. மோட்டார் போட்டதும் கொட்டும் தண்ணீரைப் பார்த்தால் பளிங்கு. யாருக்கும் குறை சொல்லத் தோன்றாது. வாளியில் பிடித்து வைத்துவிட்டு அடுப்பு வேலையைப் பார்த்துத் திரும்புவதற்குள் மஞ்சள் தட்டிவிடும். இன்னும் கொஞ்ச நேரம் போனால் பழுப்பு, அப்புறம் அடியில் செம்மண் மாதிரி வண்டல். பாறை இடுக்கில் காற்றுப் படாமல் கிடக்கும் தண்ணீரில் இரும்பு கரைந்தே இருக்கிறது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. வெளியே வந்து காற்றுப் பட்டதும் துருவாக மாறிப் பிரிகிறது. நடப்பது இவ்வளவுதான். பிடிக்கும்போதே பழுப்பாக வந்தால் ஜிஐ என்கிற இரும்பு பைப்போ, போருக்குள் இறக்கிய கேசிங் குழாயோ துருப்பிடித்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். தெளிவாக வந்து பிறகு நிறம் மாறினால் அது பூமித் தண்ணீரிலேயே இருக்கும் இரும்பு. இந்தச் சின்ன வித்தியாசத்தைக்கூட எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அது தெரியாததால் எத்தனை பேர் எங்களிடம் பணம் பறித்தார்கள்! தொட்டித் தண்ணீர் மேலே எண்ணெய் போலப் பளபளவென்று ஒரு ஏடு படிந்தது. "மோட்டார் ஆயில் லீக் ஆவுதுங்க" என்று சொல்லி மெக்கானிக் மோட்டாரை மேலே தூக்கினார். மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. தூக்கின கூலி, திரும்ப இறக்கின கூலி எல்லாம் எங்கள் தலையில். அந்த ஏட்டைக் குச்சியால் கலைத்துப் பார்த்தாலே தெரிந்திருக்கும். எண்ணெயாக இருந்தால் கலைத்ததும் மறுபடி ஒன்றுசேரும். துண்டு துண்டாக உடைந்து அப்படியே மிதந்தால் அது இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியாவின் வேலை. பைப்புக்குள் வழவழவென்று பழுப்புச் சளி பிடிப்பதும் அதனால்தான்.

சரி, வீட்டுக்குள் வாருங்கள். பிள்ளைகளின் பள்ளிச் சட்டை வெள்ளை. எந்தப் புண்ணியவான் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையைத் தேர்ந்தெடுத்தாரோ தெரியாது. ஜூன் மாதம் தைத்த சட்டை தீபாவளிக்கு முன்பே வெளிர்மஞ்சள். "வீட்டுல துவைக்கவே மாட்டாங்களா?" என்று வகுப்பில் கேட்கிறார்கள். அந்தச் சட்டையைக் கல்லில் போட்டு நான் அடிக்கிற அடி எனக்குத்தான் தெரியும். மாமனாரின் வேட்டியும் அப்படித்தான். விசேஷத்துக்குக் கட்டும் வேட்டியை மட்டும் மழைத் தண்ணீர் பிடித்து வைத்துத் துவைக்கிறோம். டீ போட்டால் கறுத்துப் போகிறது, ஏனென்றால் தேயிலைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. சோறு வெள்ளையாக வடிந்து எத்தனை நாளாயிற்று! தலைக்குக் குளித்தால் முடி சிக்குப் பிடித்து நிற்கிறது.

கறை போக என்ன செய்வது என்று கேட்டால் எல்லோரும் பிளீச்சிங் பவுடரைக் காட்டுகிறார்கள். தயவுசெய்து இதை மட்டும் நம்பாதீர்கள். குளோரின் பட்டால் கரைந்திருக்கிற இரும்பு இன்னும் வேகமாகத் துருவாக மாறும். துணி ஊறுகிற வாளியில் அதைப் போட்டால் துரு நூலிழையிலேயே உட்கார்ந்துவிடும். துருக் கறைக்குப் புளிப்புதான் மருந்து. எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டால் ஓரளவு விடும். சொட்டு நீலம் கறையை மறைக்கப் பார்க்கும், எடுக்காது.

என் வயிறு எரிவது அந்த வாட்டர் ஃபில்டர் ஆட்களை நினைத்தால்தான். டை கட்டிக்கொண்டு, "இலவசமா தண்ணி டெஸ்ட் பண்றோம்க்கா" என்று வருகிறார்கள். இரண்டு டம்ளர் வைக்கிறார்கள். ஒன்றில் நம் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் கொண்டு வந்த ஆர்.ஓ. தண்ணீர், அதாவது மெஷினில் சவ்வு வழியாக உப்பை வடிகட்டிய தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் விடுகிறார்கள். நம் டம்ளர் நுரைத்துக் கறுஞ்சிவப்பாகக் கொதிக்கிறது, அவர்கள் டம்ளர் அப்படியே இருக்கிறது. "இதைத்தான் குழந்தைங்களுக்குக் குடுக்கறீங்க" என்று சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் முகம் வெளுத்துவிட்டது. அத்தை அழாத குறை.

அந்தச் சிவப்பு வந்தது கருவியின் இரும்புக் கம்பியிலிருந்து! உப்பு கரைந்திருக்கிற தண்ணீரில் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்புக் கம்பியே கரைந்து துருவாகக் கொட்டும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு ரொம்பக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் நிறம் மாறாது. ஒகேனக்கல் காவிரித் தண்ணீரை வைத்தாலும் சிவக்கும். அந்த ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் அதுவும் சிவக்கும். உண்மையாகவே இரும்புத் தண்ணீரால் கஷ்டப்படுகிறவர்கள் வீட்டில் வந்து, கம்பியின் துருவைக் காட்டிப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவது எவ்வளவு பெரிய பாவம்! டிடிஎஸ் மீட்டரையும் அப்படித்தான் நீட்டுகிறார்கள். அது கரைந்த உப்பு மொத்தத்தைத்தான் காட்டும். லிட்டருக்கு 800 மில்லிகிராம் என்று காட்டுகிற மீட்டரில் 3 மில்லிகிராம் இரும்பு எங்கே தெரியப்போகிறது? அதைவிட, இரும்பை முதலில் எடுக்காமல் ஆர்.ஓ.வுக்குள் விட்டால் உள்ளே இருக்கும் சவ்வில் துரு அடைத்து மெஷின் படுத்துவிடும். மாட்டிவிட்டுப் போனவர் அதைச் சொல்வதில்லை. சவ்வு மாற்றுவதற்கு மட்டும் தவறாமல் வருகிறார்.

அரசுப் பக்கம் போனால் அங்கேயும் வேறு மாதிரி வலி. தருமபுரி, கிருஷ்ணகிரி என்றாலே தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு மட்டும்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். அதைக் கவனிப்பதில் எனக்குக் குறையே இல்லை. பல் பழுப்பேறி, கால் வளைந்து போன பெரியவர்களை ஊர் ஊராகப் பார்த்து வளர்ந்தவள் நான். ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-ல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆனால் அந்தத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே சரியாக இருக்கிறது, சில வாரங்களில் அதற்கும் பற்றுவதில்லை. துவைக்க, குளிக்க, மாட்டுக்குக் காட்ட, பயிருக்குப் பாய்ச்ச எல்லாவற்றுக்கும் கிணறுதான். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது, "ஃப்ளோரைடு பரவாயில்லை, இரும்பு கொஞ்சம் அதிகம், அது வெறும் கலர்தாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். எவ்வளவு அதிகம், என்ன செய்ய வேண்டும்? ஒரு வார்த்தை இல்லை. கலர் என்று ஒதுக்குவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஃப்ளோரைடுக்கு நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது. பழுப்புத் தண்ணீருக்குப் பயந்து, பக்கத்துத் தோட்டத்தில் பளிச்சென்று வரும் தண்ணீரைக் குடத்தில் தூக்கி வரும் பெண்களுக்கு யார் பதில் சொல்வது?

பாலக்கோடு பக்கம் தக்காளி வைத்திருக்கிறவர்களிடம் போய் வெறும் கலர் என்று சொல்லிப் பாருங்கள். தண்ணீரில் இரும்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் சொட்டுநீர்க் குழாயின் துளைகள் துருச் சேற்றால் மோசமாக அடைத்துக்கொள்ளும். வரிசையில் பாதிச் செடி வாடி நிற்கும்போதுதான் தெரியவரும்.

இந்த மண்ணில் இரும்பு இருப்பது புதுச் செய்தியும் இல்லை. எங்கள் மாவட்டத்துத் தீர்த்தமலையில் இரும்புத் தாது இருப்பது ஊரறிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு 4200 ஆண்டு பழமை என்று 2022-ல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். கேட்டபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இவ்வளவு தெரிந்த அரசுக்கு, இங்கே போர் போடுகிறவர்களிடம் இரும்பையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே!

எனக்கு ஆத்திரம் தாங்காதது, இதற்கு வழி ரொம்ப எளிது என்பதால்தான். தண்ணீருக்குக் காற்றுக் காட்ட வேண்டும். துளை போட்ட பிவிசி பைப் வழியாக உயரத்திலிருந்து பூவாளி போலத் தொட்டிக்குள் விழ விட்டு, சில மணி நேரம் நிற்க விட்டு, ஜல்லியும் மணலும் போட்ட இன்னொரு தொட்டி வழியாக வடிய விட்டால் பெரும்பங்கு துரு மணலிலேயே தங்கிவிடும். மணலை அடிக்கடி அலசவேண்டும். ஃப்ளோரைடு இதில் போகாது, அதனால் ஃப்ளோரைடு உள்ள தண்ணீரை இப்படி வடித்தாலும் குடிக்க ஆகாது. தண்ணீர் புளிப்புத்தன்மையாக இருந்தால் துரு பிரிய நேரம் பிடிக்கும். இதைக் கொத்தனார் ஒருவர் எங்களுக்குக் கட்டித் தந்தார். பார்த்த பிறகுதான், இத்தனை வருடம் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருக்கக் கூடாதா என்று மனம் கொதித்தது.

வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுத்து, சோதனைப் பெட்டியும் தர வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பெட்டியில் ஃப்ளோரைடோடு இரும்பைப் பார்க்கவும் வழி உண்டு. எங்கள் ஊரில் அதைக் கண்ணால் பார்த்ததாக ஒருத்தியும் சொல்லவில்லை. எந்த பீரோவில் பூட்டி வைத்திருக்கிறீர்களோ, எடுத்து வெளியே வையுங்கள். அடுத்த கிராம சபையில் இதைத்தான் கேட்கப்போகிறேன். எங்கள் தெருப் பெண்களும் வருகிறார்கள்.