வகுத்தால் மட்டும் வராது

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் சுமார் 5,540 கி.மீ., 900 கி.மீ. வேகத்தில் ஆறு மணி நேரம்தான், டிக்கெட்டில் எட்டு மணி என்று போடுவது ஏமாற்று என்கிறீர்கள். தூரம் சரி, கணக்குதான் இடிக்கிறது. ஓடுபாதைக்கு வரிசையில் ஊர்ந்து போவதும் டிக்கெட் நேரத்தில் சேர்த்திதான். அதைவிடப் பெரிய விஷயம் காற்று. அட்லாண்டிக்குக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், ஜெட் காற்றோட்டம் என்ற வேகமான காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. நியூயார்க் போகும் விமானத்துக்கு அது எதிர்காற்று. காற்றில் 900 போனாலும் தரையை வைத்துப் பார்த்தால் வேகம் குறைவு. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 விமானம் ஒன்று புயல்காற்றின் தயவில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து இறங்கியது. உங்கள் வகுத்தல்படி அது நடந்தே இருக்க முடியாதே!