லண்டனுக்குக் கத்தினோம், கோவைக்கு?

போன ஞாயிறு ராத்திரி பெரம்பூர் பக்கம் டர்ஃபில் ஆடி முடித்துவிட்டு டீக்கடையில் நின்றோம். ஆடியது ஒரு மணி நேரம், வாயால் ஆடியது இரண்டு மணி நேரம். கிளப்பிவிட்டவன் எங்கள் செட்டில் இருக்கும் ரியல் மாட்ரிட் வெறியன். "சூப்பர் லீக் வந்திருக்கணும்டா. வாரா வாரம் மாட்ரிட், லிவர்பூல், யுவென்டஸ். பர்ன்லி மேட்சுக்கெல்லாம் கண்ணு முழிக்கணும்னு நமக்கு என்ன தலையெழுத்து?"

பாதிப் பேர் தலையாட்டினார்கள். அதனால்தான் இந்த நீளப் பதிவு.

அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்த தம்பிகளுக்காக: 2021 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பாவின் 12 பணக்கார ஃபுட்பால் கிளப்புகள் 'சூப்பர் லீக்' என்று தனி லீக் தொடங்குவதாக அறிவித்தன. இங்கிலாந்தில் 6, ஸ்பெயினில் 3, இத்தாலியில் 3. தலைவர் மாட்ரிட்டின் ஃப்ளோரன்டினோ பெரெஸ், பணத்துக்கு ஜேபி மார்கன் வங்கி. மொத்தம் 20 அணிகள். அதில் 15-க்கு நிரந்தர இடம், எவ்வளவு கேவலமாக ஆடினாலும் வெளியே போக வேண்டாம். மீதி 5 இடத்துக்கு ஊர் உலகமே முட்டி மோதிக்கொள்ளலாம். ஜெர்மனியின் பேயர்ன், டோர்ட்மண்ட், பிரான்சின் பிஎஸ்ஜி சேரவில்லை.

இரண்டே நாளில் கதை முடிந்தது. ஏப்ரல் 20 அன்று அந்தப் பன்னிரண்டில் ஒன்றான லண்டன் செல்சியின் ரசிகர்கள், அவர்கள் மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் வாசலில் திரண்டு டீம் பஸ்ஸை மறித்தார்கள். பழைய கோல்கீப்பர் பீட்டர் செக் தெருவுக்கு வந்து, கொஞ்சம் டைம் கொடுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. நம் ஊரில் கொரோனா இரண்டாம் அலைக்காக இரவு ஊரடங்கு தொடங்கியதும் அதே நாளில்தான். பத்து மணிக்கு மேல் தெருவில் ஈ காக்கா இல்லை. நாங்கள் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, லண்டன்காரன் மறித்த பஸ்ஸை நாங்களே மறித்த மாதிரி ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டிருந்தோம். விடியும்போது ஆறு இங்கிலாந்து கிளப்பும் வாபஸ்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நான் லண்டன் கிளப்பான ஆர்சனலின் ரசிகன். அந்தப் பன்னிரண்டில் நாங்களும் உண்டு. அந்த சீசனை முடித்தது 8-ஆம் இடத்தில். அடுத்த வருடம் எந்த ஐரோப்பியப் போட்டியிலும் இடமில்லை. சூப்பர் லீக் நடந்திருந்தால் எட்டாவதாக வந்த கையோடு பார்சிலோனாவுடன் ஆடியிருப்போம். சபலம் தட்டவில்லை என்றால் பொய்.

ஆனால் 2017 மார்ச்சில் பேயர்னிடம் 5-1, திரும்பவும் 5-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியேறியவர்கள், ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் மறுபடி ஆடியது 2023 செப்டம்பர் 20 அன்று. ஹாலந்தின் பிஎஸ்வி-யுடன் மேட்ச், 4-0 என்று ஜெயித்தோம். நமக்கு நள்ளிரவு 12:30. வீட்டில் எல்லோரும் தூங்க, நான் தலையணையைக் கடித்துக்கொண்டு கத்தினேன். அந்த நாலு கோலுக்கு ருசி வந்ததே ஆறு வருடப் பட்டினியால்தான்.

சரி, மாட்ரிட்காரன் விடுவானா? "ஐபிஎல்லும் மூடின லீக்தானே? 2025-ல சிஎஸ்கே பத்தாவதா, கடைசியா வந்தது. வெளிய போச்சா? நீ சேப்பாக்கத்துல விசில் அடிக்கலையா?" நல்ல அடிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐபிஎல்லில் ஏலம் இருக்கிறது, எல்லா அணிக்கும் ஒரே அளவு பணம். இந்த வருடம் கடைசியில் இருப்பவன் அடுத்த வருடம் கோப்பையைத் தூக்க வழி இருக்கிறது. பெரெஸ் கேட்டது, பணக்காரன் பணக்காரனாகவே இருக்கவும் வேண்டும், தோற்றால் இறங்கவும் கூடாது என்று.

1992-ல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கே காசுக்காகப் பிரிந்து போனதுதானே என்றான் இன்னொருவன். ஆமாம், டிவி காசுக்காகத்தான். ஆனாலும் கடைசியில் வருபவர்கள் இறங்க வேண்டும் என்ற விதி அங்கேயும் தொடர்ந்தது. அதனால்தான் 2009 வரை மூன்றாம் டிவிஷனில் கிடந்த லெஸ்டர் 2016-ல் சாம்பியன் ஆக முடிந்தது.

கோர்ட் விவகாரத்தையும் இழுத்தார்கள். 2023 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், புதுப் போட்டிகளுக்குத் தன்னிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பான யுஎஃபா வைத்திருந்த விதிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்றது. சூப்பர் லீக்கை நடத்தியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்கு மேல் எனக்கு அதில் சுவாரசியம் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. இளைஞர்களுக்கு ஃபுட்பால் மேல் ஆர்வம் குறைகிறது, அதனால்தான் இந்த லீக் என்று பெரெஸ் காரணம் சொன்னார். மைதானத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து, தாத்தா காலத்திலிருந்து டிக்கெட் எடுக்கும் குடும்பத்தை அவர் புதிதாகப் பிடிக்க வேண்டியதில்லை. பிடிக்க வேண்டியது ஃபோனில் பெரிய மேட்ச் மட்டும் பார்க்கும் ஆளை. அதாவது நம்மை. டீக்கடையில் தலையாட்டிய பாதிப் பேரை.

இப்படி மூடின லீக் என்ன செய்யும் என்று பார்க்க மாட்ரிட் வரை போக வேண்டாம். 2018-19 சீசனில் சென்னையின் எஃப்சி, ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக்கில் 18 மேட்சில் 9 புள்ளி எடுத்துக் கடைசி இடம். என் டீம்தான், வலியோடுதான் சொல்கிறேன். இறங்கவில்லை, அப்போது அங்கே இறங்குவது என்ற பேச்சே கிடையாது. அதே சீசனில் கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி எஃப்சி, ஈஸ்ட் பெங்கால் ஒரு புள்ளி பின்னால் துரத்த, நாட்டின் இன்னொரு லீக்கான ஐ-லீக்கில் சாம்பியன் ஆனது. ஏறவும் முடியவில்லை. அப்போது ஐ-லீக்தான் காகிதத்தில் நாட்டின் முதல் டிவிஷன். அந்த வருடமே ஐஎஸ்எல் முதல் டிவிஷன் என்று ஆகிவிட்டது. சாம்பியன், கோப்பையைத் தூக்கிய கையோடு இரண்டாம் டிவிஷன்காரன் ஆனான். ஐ-லீக் சாம்பியனுக்கு ஐஎஸ்எல் கதவு திறந்தது 2022-23 சீசனில்தான். முதலில் ஏறியது பஞ்சாப் எஃப்சி. அதற்குள் சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லை.

இதற்கு யாராவது பஸ்ஸை மறித்தோமா? ஒரு ஸ்டேட்டஸ்?

2019 மார்ச் 9 அன்று கோவையில் கடைசி மேட்ச், மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்தார்கள். சென்னையிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் காலையில் கோவை. நான் போகவில்லை. அடுத்த நாள் ராத்திரி 10 மணிக்கு ஆர்சனல்–மான்செஸ்டர் யுனைடெட் மேட்ச். அதற்கு யார் வீட்டு டிவி பெரியது என்று நாங்கள் விசாரித்துக்கொண்டிருந்தோம்.