திரை மாறவில்லை என்றால் ஃபோர்ஸ்அப்டேட்டைத் தேடாதீர்கள்

வலைத் திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ரியாக்ட்டில் எழுதும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஃபோர்ஸ்அப்டேட் என்றால் திரையை வலுக்கட்டாயமாக மறுபடி வரைய வைப்பது. கொஞ்சம் நீளம், பொறுத்துப் படியுங்கள்.

போன வாரம் ஒரு கோட் ரிவ்யூ. பில்லிங் திரை. பொருளைச் சேர்த்தால் டேட்டாவில் சேர்கிறது, திரையில் வரவில்லை. அதற்காக யூஸ்ஃபோர்ஸ்அப்டேட் என்று ஒரு ஹூக் (காம்பொனென்ட்டுக்குள், அதாவது திரையின் ஒரு பகுதிக்கான கோடுக்குள், கூப்பிடும் ஃபங்ஷன்) எழுதியிருந்தார்கள். உள்ளே யூஸ்ரெட்யூசர் என்ற ரியாக்ட்டின் சொந்த ஹூக், கூப்பிடும்போதெல்லாம் ஓர் எண்ணோடு ஒன்று கூட்டும். எண் மாறுவதால் காம்பொனென்ட் மறுபடி ரெண்டர் ஆகும், அதாவது புதிதாக வரையப்படும். அந்த ப்ராஜெக்ட்டில் பதினோரு இடத்தில் அது இருந்தது.

ஹூக்கைக் குறை சொல்லவில்லை. 2019-இல் 16.8 பதிப்போடு ஹூக்ஸ் வந்தபோது ரியாக்ட் ஆவணமே இந்த வழியைச் சொன்னது, முடிந்தவரை தவிர்க்கவும் சொன்னது. அந்த இரண்டாவது பாதியைத்தான் யாரும் படிப்பதில்லை.

கோளாறு புஷ்ஷில் இருந்தது, அதாவது அரே என்ற பட்டியலின் கடைசியில் பொருளைச் சேர்க்கும் கட்டளையில். அரேயில் புஷ் செய்தால் உள்ளே பொருள் கூடும், அரே அதே அரேதான். ரியாக்ட் பழைய ஸ்டேட்டையும் (காம்பொனென்ட் நினைவில் வைத்திருக்கும் டேட்டா) புதியதையும், இரண்டும் ஒன்றேதானா என்று சொல்லும் ஆப்ஜெக்ட்.இஸ் வைத்து ஒப்பிடும். உள்ளே எண்ணிப் பார்க்காது. அதே அரே வந்தால் எதுவும் மாறவில்லை என்று விட்டுவிடும்.

சரி, வலுக்கட்டாயமாக ரெண்டர் செய்தாயிற்று. பட்டியலில் நான்காவது பொருள் வந்துவிட்டது. ஆனால் மொத்தத் தொகையை யூஸ்மெமோவில் கணக்கிட்டிருந்தார்கள். டிபென்டென்சி என்று கொடுத்தது மாறினால்தான் அது மறுபடி கணக்கிடும். அதற்கும் அதே அரேதான் டிபென்டென்சி. அதனால் நான்கு பொருளுக்கு நேராக மூன்று பொருளின் தொகை நின்றது! கடைக்காரர் அந்தத் தொகையைத்தானே வாங்குவார்? ஸ்ப்ரெட் (மூன்று புள்ளி) போட்டுப் பழைய பொருள்களோடு புதியதையும் வைத்த புது அரே கொடுத்திருந்தால் இரண்டும் சரியாகியிருக்கும்.

சிலர் கீயை, அதாவது காம்பொனென்ட்டை ரியாக்ட் அடையாளம் காணும் பெயரை, மாற்றுவார்கள். அது இன்னும் மோசம். காம்பொனென்ட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டும், பாதி தட்டிய முகவரி போய்விடும். நானே ஒரு காலத்தில் இப்படிச் செய்து, கவுன்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணை ஒரே படிவத்தை மூன்று முறை நிரப்ப வைத்திருக்கிறேன். இன்றும் மனசு உறுத்துகிறது. வேறு வாடிக்கையாளருக்கு மாறும்போது படிவம் காலியாக வேண்டுமென்றால் அவருடைய ஐடியைக் கீயாகக் கொடுங்கள், அது முறையான வழி.

(ரியாக்ட்டைப் போன்ற இன்னொரு கருவியான வியூவிலும் இதே கதைதான். வியூ 2-இல் அரேயின் ஓர் இடத்தை நேரடியாக மாற்றினால் அதற்குத் தெரியாது, ஃபோர்ஸ்அப்டேட் தேடி ஓடினோம். வியூ 3, டேட்டாவில் நடக்கும் மாற்றங்களை இடையில் நின்று கவனிக்கும் ப்ராக்ஸிக்கு மாறியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.)

அந்தப் பதினொன்றில் ஒன்பதை அன்று மாலையே உட்கார்ந்து எடுத்தோம். மீதி இரண்டும் ரியாக்ட்டுக்கு வெளியே தன் டேட்டாவை வைத்திருக்கும் ஒரு லைப்ரரியைப் படிப்பவை. ரியாக்ட் 18 கொடுத்த யூஸ்சிங்க்எக்ஸ்டர்னல்ஸ்டோர் இதற்காகவே இருக்கிறது. நாளை அதற்கு மாற்றுகிறோம்.