மாஸ்டர் ஆரிட்ட இருக்கு?

போன கிழமை என்ர பழைய மெட்டொன்றை யூடியூப்பில ஏத்தினன். நான் போட்ட மெட்டு, நான் வாசிச்ச கீபோர்ட். ரெண்டு மணித்தியாலம் போகேல்ல, "உரிமை வேறொருவருடையது" எண்டு வந்து நிக்குது. எட்டு வருசத்துக்கு முன்னம் அல்பம் அடிச்சுத் தாறம் எண்டு வந்த ஒரு கொம்பனியின்ர தாளில வாசிக்காமலே கையெழுத்து வச்ச மடையன் நான். ரெக்கோடிங் செலவும் என்ர. கிடைச்சது அம்பது சீடி. முப்பது இன்னும் அலுமாரிக்கு மேல கிடக்கு.

கோவத்தைக் கொட்ட எழுதேல்ல. (சரி, கொஞ்சம் கொட்டத்தான்.) ஸ்டான்லி கவுல் எண்ட ஜாஸ் பியானோக்காரரைப் பற்றிச் சொல்லவேணும்.

1941ல அமெரிக்காவில டொலிடோவில பிறந்தவர். ஆறு வயசில, அதே ஊர்க்காரரான ஜாஸ் பியானோ மேதை ஆர்ட் டேட்டம் தங்கட வீட்டுக்கு வந்து பியானோ வாசிச்சதைக் கண்டவர். நாதஸ்வரம் பழகிற பிள்ளையின்ர வீட்டுக்கு ராஜரத்தினம்பிள்ளை வந்து வாசிச்ச மாதிரி எண்டு வையுங்கோவன். பிறகு நியூயோர்க், பேர்பெற்ற ட்ரம்ஸ்காரர் மேக்ஸ் ரோச்சோட மேடை, நல்ல பேர். அப்பிடிப்பட்ட ஆளும் ட்ரம்பெட் வாசிக்கிற சார்ல்ஸ் டாலிவரும் சேர்ந்து, கொம்பனிகளை நம்பி இருக்கேலாது எண்டு 1971ல சொந்தமா ஒரு லேபல், அதாவது இசைத்தட்டு வெளியிடுற கொம்பனி, தொடங்கினவை. பேர் ஸ்ட்ராட்டா ஈஸ்ட்.

அவையின்ர ஏற்பாடு இதுதான்: ரெக்கோடிங் செலவு கலைஞரின்ர, மாஸ்டர் நாடாவும் (பிரதியெல்லாம் எடுக்கிற மூல ஒலிப்பதிவு) கலைஞரின்ர. முதல் பாதி எங்களுக்குப் புதுசில்ல, காசு நாங்களும்தான் போடுறம். ரெண்டாம் பாதியைத்தான் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லித் தரேல்ல.

அவை கோடீஸ்வரர் ஆகேல்ல. 1974ல பாடகர் கில் ஸ்காட் ஹெரனும் அவரோட சேர்ந்து வாசிச்ச பிரையன் ஜாக்சனும் அங்க வெளியிட்ட அல்பத்தில ஒரு பாட்டு நல்லா ஓடினது. ஆனா சின்ன லேபலுக்கு விக்காட்டியும் கரைச்சல், வித்தாலும் கரைச்சல்: தட்டு அடிக்கிறவனுக்கு இண்டைக்கே காசு, கடைக்காரன் தாறது எப்பவோ. கவுலும் பிறகு கன காலம் கல்லூரியில படிப்பிச்சவர். நான் திருகோணமலையில, உவர்மலையில பிள்ளையளுக்குக் கீபோர்ட் வகுப்பு எடுக்கிறன். அதில எனக்கு ஒரு வெக்கமும் இல்ல.

"நாலு பேர் கேட்டாப் போதும், உரிமையை வச்சு என்ன செய்யப் போறாய்?" எண்டு ஒரு கூட்டாளி கேக்கிறான். நாலு பேர் கேக்கவே என்னை விடுறாங்கள் இல்லையே, அதுதானே பிரச்சினை! பொப் பாட்டுக்காரர் பரமேஸ், கோணேஸ் சகோதரர் பாடின ஊர் இது. இப்பவும் பாடுற பெடியள் இருக்கினம். "இலவசமா வெளியிட்டுத் தாறம்" எண்டு ஆரும் வந்தா, தம்பியவை, மாஸ்டர் ஆரிட்ட நிக்கும் எண்டு முதல்ல கேளுங்கோ. எத்தின வருசத்துக்கு எண்டு அடுத்ததாக் கேளுங்கோ.

நான் திரும்பத் தொடங்கிட்டன். உப்புவெளியில என்ர அறைதான் ஸ்டூடியோ, யன்னலுக்கு மெத்தை. உப்புக் காத்துக்குக் கீபோர்டில ரெண்டு கட்டை ஒட்டுது. ஹார்ட் டிஸ்க் ரெண்டு, சிலிக்கா ஜெல் பைக்கற்றோட பிஸ்கட் டின்னுக்குள்ள. நேற்று நல்லா வந்த டேக்கில, கடைசி அரை நிமிசம் பாண் விக்கிற ஓட்டோ வந்து பீத்தோவன்ர மெட்டை வாசிச்சிட்டுப் போகுது. அழிக்கேல்ல. அந்தாளின்ர கொப்பிரைட் எப்பவோ முடிஞ்சுது.