கிளாரா எழுதியதுதான் முதலில்

19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர்களான கிளாரா ஷூமன், ஃபேனி ஹென்சல் இருவரின் ட்ரையோக்கள் (பியானோ, வயலின், செலோ மூன்றும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) சேர்ந்த ஆல்பத்தைப் பற்றி ஒருவர், "கிளாராவின் பியானோ ட்ரையோ, கணவர் ராபர்ட்டின் டி மைனர் ட்ரையோவைப் பார்த்து எழுதியது" என்கிறார். வருஷக் கணக்கு உதைக்கிறதே! கிளாராவின் ஜி மைனர் ட்ரையோ (ஓபஸ் 17, அதாவது அவருடைய படைப்பு வரிசை எண் 17) 1846-இல் எழுதப்பட்டது. ராபர்ட்டின் டி மைனர் ட்ரையோ (ஓபஸ் 63) எழுதப்பட்டது 1847-இல். ராபர்ட் 1842-லேயே இதே மூன்று வாத்தியங்களுக்குச் சில சிறு துண்டுகள் எழுதியிருந்தார், உண்மைதான். ஆனால் அவை அச்சேறியது 1850-இல்; ட்ரையோ என்று அவர் பெயரும் வைக்கவில்லை.

இந்தக் குழப்பத்துக்குக் கிளாராவும் ஒரு காரணம். ராபர்ட்டினுடையதற்குப் பிறகு தன்னுடையது பெண்மைத்தனமாக, உணர்ச்சிவசமாகத் தெரிகிறது என்று நாட்குறிப்பில் எழுதிவைத்துவிட்டார். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளணுமா என்ன? மூன்றாம் பகுதியைக் கேளுங்கள். பியானோ தனியாக மெட்டைச் சொல்ல, வயலின் வாங்கிக்கொள்ளும். நடுவில் தாளம் வெட்டி வெட்டிப் போகும். பிறகு அதே மெட்டு திரும்பி வரும்போது செலோவின் கையில் இருக்கும். கடைசிப் பகுதியிலோ, ஒரு வாத்தியத்தை இன்னொன்று துரத்துகிற ஃபியூக் வேலை. பார்த்து எழுதுகிறவர் கை இல்லை இது.

ஃபேனியின் டி மைனர் ட்ரையோவும் 1847-தான், தங்கை ரெபெக்காவின் பிறந்தநாளுக்காக எழுதியது. அந்த மே மாதமே ஃபேனி இறந்துபோனார். ட்ரையோ அச்சில் வர 1850 ஆயிற்று.