குடத்தைப் பார்த்தா குயவன் தெரியுறான், உலகத்தைப் பார்த்தா?

நான் சாமி கும்பிடுறவன், திருநீறு பூசாம வீட்டைவிட்டு வெளிய போனதில்ல. ஆனா போன வாரம் கடவுள் உண்டுன்னு அண்ணன்கிட்ட வாதாடித் தோத்தேன்.

மனுஷக் கண்ணைப் பாருண்ணே, லென்ஸ், வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி சுருங்கி விரியுற கண்பாப்பா, இதெல்லாம் ஒருத்தர் யோசிச்சு செய்யாம தானா வருமான்னு கேட்டேன். அவன் சொன்னான், "நம்ம கண்ணுல வெளிச்சத்தை வாங்குற செல்லுக்கு முன்னாடி நரம்பு ஓடுது, அது வெளிய போற இடத்துல குருட்டுப்புள்ளி விழுது. ஆக்டோபஸுக்கு நரம்பு பின்னாடி, அந்தப் புள்ளியே கிடையாது. யோசிச்சுதான் செஞ்சாரா?" என்கிட்ட பதில் இல்ல.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம சைவ சித்தாந்தத்தோட அடிப்படை நூலான சிவஞானபோதத்தை எழுதின மெய்கண்டாரோட முதல் சூத்திரத்தை எடுத்து வச்சு உக்காந்தேன். உலகம் தோன்றி நின்னு ஒடுங்குது, அப்ப அதைச் செய்றவன் ஒருத்தன் உண்டுங்கிறார். 13-ஆம் நூற்றாண்டு வாதம். சித்தாந்தத்துல இதுக்கு குடத்தைத்தான் காட்டுவாங்க, மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம், அதாவது செய்றவன். இது கருதல் அளவை, அதாவது தெரியுறதை வச்சுத் தெரியாததை ஊகிக்கிறது, புகையை வச்சு நெருப்பைச் சொல்ற மாதிரி.

எனக்கு இடிக்கிறது இங்கதான். புகையும் நெருப்பும் சேர்ந்தே இருக்கிறதை ஆத்தா அடுப்படில ஆயிரம் தடவை பார்த்திருக்கேன், குயவர் குடம் வனையுறதையும் பார்த்திருக்கேன், ஆனா ஒரு உலகத்தை யாராவது செய்றதை எவன் பார்த்தான்? நமக்குத் தெரிஞ்சது 1380 கோடி வருஷமா இருக்கிற இந்த ஒரே ஒரு பிரபஞ்சம்தான். ஸ்காட்லாந்து தத்துவவாதி டேவிட் ஹியூமும் ஒரு புத்தகத்துல இதைத்தான் கேட்டார், அந்தப் புத்தகம் அவர் செத்து 3 வருஷம் கழிச்சு 1779-லதான் வெளிய வந்துச்சு.

அதுக்காக அண்ணன் சொல்ற "நூறு சதவீதம் கடவுள் இல்ல"ங்கிறதையும் ஏத்துக்க முடியல. நான் கொண்டுபோன சாட்சி நிக்கலன்னா என் சாட்சி நிக்கல, அவ்வளவுதான். அதை வச்சே இல்லவே இல்லன்னு எப்படித் தீர்ப்பு எழுதுறது?

அப்பா ஐசியூல கிடந்தப்ப வேண்டாத தெய்வம் இல்ல, அவர் பிழைச்சு வந்தார். ரொம்ப நாள் அதைத்தான் ஆதாரம்னு சொல்லிட்டிருந்தேன். ஆனா அடுத்த பெட்காரரோட பொண்டாட்டி என்னைவிட அதிகமா அழுது வேண்டுச்சு, அவர் வரல. அந்தம்மா முகம் ஞாபகம் வர்றப்ப எல்லாம் "ஆதாரம்"ங்கிற வார்த்தை வாய்ல வர மாட்டேங்குது. இப்பவும் கும்பிடுறேன், மனசார. பொண்ணு கேட்டா "அப்பா நம்புறேன்டா"ன்னு சொல்றேன், "அப்பாவுக்குத் தெரியும்"னு சொல்றதில்ல.

சித்தாந்தம் முறையா பாடம் கேட்டவங்க யாராவது இருந்தா அந்தப் புகை நெருப்பு விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்க, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.