யூனிட்டுக்கு எட்டு ரூவா

சென்னைல வாடகைக்கு வீடு தேடுன எல்லாரும் இத கேட்டிருப்பீங்க. "வாடகை பன்னெண்டு, அட்வான்ஸ் அறுபது, தண்ணிக்கு முந்நூறு, கரண்டு யூனிட்டுக்கு எட்டு ரூவா." வாடகைய கொறைக்க சொல்லி பேசுவோம், அட்வான்ஸ ரெண்டு தவணையா தரேன்னு கெஞ்சுவோம், அந்த எட்டு ரூவா எங்கேந்து வந்துச்சுன்னு மட்டும் கேக்கவே மாட்டோம். நானும் கேக்கல. மடிப்பாக்கத்துல இருந்த வீட்ல அப்படியே கட்டிட்டு வந்தேன்.

மூணு போர்ஷன், மூணுத்துக்கும் சேத்து ஒரே ஈபி சர்வீஸ், அதுக்கு கீழ, யார் எவ்ளோ ஓட்டுனாங்கன்னு பாக்க, கடையில வாங்கி மாட்டுன சப் மீட்டர் ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ ஓனர் ஒரு நோட்ட எடுத்துட்டு மாடிப்படிக்கு கீழ நின்னு ரீடிங் எழுதிட்டு போவாரு, மறுநாள் ஒரு துண்டு சீட்டுல தொகை வரும், கட்டிடுவோம்.

ஒரு தடவ ஊருக்கு போறப்ப வீட்டுக்குள்ள மெயின ஆஃப் பண்ணிட்டு, வழியில அந்த சப் மீட்டர ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சேன், சந்தேகப்பட்டு எல்லாம் இல்ல, சும்மாதான். நாலு நாள் கழிச்சு வந்து பாத்தா ஒம்போது யூனிட் ஓடியிருக்கு. வீட்ல ஃப்ரிட்ஜ் கூட ஓடல. கதவ திறக்காம அங்கயே நின்னு மீட்டர பாத்துட்டே இருந்தேன், அந்த சின்ன செகப்பு லைட் சும்மா எப்பவாச்சும் ஒரு தடவ மின்னுச்சு, ஓனர் வீட்டம்மா மோட்டார் போட்ட உடனே படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுருச்சு. மொத்த பில்டிங்குக்கும் தண்ணி ஏத்துற மோட்டாரு, மாடிப்படி லைட்டு ரெண்டும் என் மீட்டர்ல!

சொன்னேன். "ஒயர்மேன் எப்பவோ மாத்தி குடுத்துட்டான் போல தம்பி"ன்னாரு, ஒரே வாரத்துல ஆள் வர வச்சு சரி பண்ணியும் குடுத்தாரு. அத சொல்லணும். ஆனா அதுவரைக்கும் நான் கட்டுன காச பத்தி பேச்சே எடுக்கல.

அதுக்கப்புறம் தான் எனக்கு ஈபி பில்ல பாக்கணும்னு தோணுச்சு. மெயின் மீட்டர் பக்கத்துல சர்வீஸ் நம்பர் எழுதியிருந்துச்சு, அத ஆன்லைன்ல போட்டா பில்லு வந்துருச்சு. 2023 கோடைல வந்த பில்லு அது. ரெண்டு மாசத்துக்கு மூணு வீட்டுக்கும் சேத்து 540 யூனிட், ஈபிக்கு கட்ட வேண்டியது 2,270 ரூவா. எங்க மூணு பேர்கிட்ட எட்டு ரூவா கணக்குல வாங்குனது 4,320.

இந்த எடத்துல கொஞ்சம் கணக்கு சொல்லியே ஆகணும். 2016லேந்து வீட்டு கனெக்‌ஷன் எல்லாத்துக்கும் ரெண்டு மாசத்துக்கு மொத 100 யூனிட் ஃப்ரீ. 2022 செப்டம்பர்ல ஏத்துன ரேட் படி 500 யூனிட்டுக்குள்ள இருந்தா 101லேந்து 200 வரைக்கும் 2.25, அப்புறம் 400 வரைக்கும் 4.50, அதுக்கு மேல 500 வரைக்கும் 6 ரூவா. 500ஐ தாண்டிட்டா அந்த 2.25 போயிடும், 101லேந்தே 4.50 ஆயிடும், 500க்கு மேல 8 ரூவாலேந்து ஆரம்பிச்சு ஏறிட்டே போகும். (2024 ஜூலைல இன்னும் கொஞ்சம் ஏத்துனாங்க.) அப்போ மூணு வீட்ட ஒரே சர்வீஸ்ல கட்டுனா மூணு 100 யூனிட் ஃப்ரீ ஒண்ணா சுருங்கிடுது, யாருமே தனியா 500 ஓட்டலன்னாலும் எல்லாரும் சேந்து அதிக ரேட் இருக்குற மேல் ஸ்லாபுக்கு போயிடுறோம். நான் ஓட்டுனது 260 யூனிட். எனக்குன்னு தனி கனெக்‌ஷன் இருந்திருந்தா 495 ரூவா தான். நான் கட்டுனது 2,080.

ஓனர் பக்கமும் நியாயம் இல்லாம இல்ல. கனெக்‌ஷன் அவர் பேர்ல, குடி இருந்தவன் பில்லு கட்டாம ராவோட ராவா காலி பண்ணிட்டு போனா ஃப்யூஸ் புடுங்குறது அவர் வீட்டு லைன்ல தான், பாக்கிய கட்டாம திரும்ப கனெக்‌ஷன் வராது. அதுக்குதான் அட்வான்ஸ் இருக்கு, காலி பண்ற அன்னிக்கு ரீடிங் எடுத்து அதுல கழிச்சுக்கட்டும், யாரும் வேணாம்னு சொல்லல. மோட்டாருக்கும் மாடிப்படி லைட்டுக்கும் ஆகுற செலவ மெயின்டனன்ஸ்னு தனியா சொல்லி வாங்கட்டும். வீட்டு வரி அவரோடது, நாங்க ஓட்டுன கரண்டு எங்களோடது, இதுல சண்டையே இல்ல. ஆனா கரண்ட் பில்லுங்கிறது அவர் ஈபிக்கு கட்டுற காச நாங்க திருப்பி குடுக்குறது, அதுல லாபம் வைக்க அது ரெண்டாவது வாடகை இல்ல. பில்ல காமிங்க, மொத்த தொகைய மொத்த யூனிட்டால வகுங்க, அவங்கவங்க சப் மீட்டர் படி வாங்குங்க. எங்க வீட்டு கணக்குல அது யூனிட்டுக்கு 4.20 தான் வந்துச்சு.

நம்ம மேலயும் தப்பு இருக்கு. அக்ரிமென்ட்ல "மின் கட்டணம் வாடகைதாரர் பொறுப்பு"ன்னு ஒத்த வரி இருக்கும், அத படிச்சுட்டு கையெழுத்து போட்டுடுறோம். சாவி வாங்குற அன்னிக்கு ரீடிங் எவ்ளோ, பில்லு படி பங்கா இல்ல யூனிட் ரேட்டா, மோட்டார் யார் மீட்டர்ல, இத எழுதி வாங்குங்க ப்ளீஸ், மீட்டர ஒரு ஃபோட்டோ எடுத்து ஓனருக்கே வாட்ஸாப்ல அனுப்பி வைங்க. இன்னொண்ணு, தகராறு வந்தா கரண்டயும் தண்ணியயும் நிறுத்திடுவேன்னு மெரட்டுனா பயப்பட வேணாம். 2019 பிப்ரவரிலேந்து அமல்ல இருக்குற தமிழ்நாடு வாடகை சட்டத்துல அப்படி நிறுத்த கூடாதுன்னு தெளிவா இருக்கு, வாடகை அதிகாரிகிட்ட புகார் குடுக்கலாம்.

எனக்கு ரொம்ப வலிச்சது என்னோட காசு இல்ல. கீழ் போர்ஷன்ல ஒரு அக்கா, ரெண்டு பசங்க, வீட்டு வேலைக்கு போறவங்க. அந்த மே மாசத்துல மதியம் பசங்கள கூட்டிட்டு வாசப்படி நெழல்ல வந்து உக்காந்துருப்பாங்க, கையில விசிறி. "ஃபேன் போட்டா யூனிட் ஏறும்ல தம்பி." அந்த ரெண்டு மாசத்துக்கு அவங்க ஓட்டுனது 95 யூனிட். தனி கனெக்‌ஷன் இருந்தா பில்லு பூஜ்யம். அவங்க கட்டுனது 760 ரூவா.

நான் அந்த வீட்ட காலி பண்ணிட்டேன், அவங்களால முடியல, பசங்க ஸ்கூல் பக்கத்துல இருக்கு. போன வாரம் ஃபோன் பண்ணாங்க. இப்ப யூனிட்டுக்கு ஒம்போது ஆக்கிட்டாராம்.